தொட்டியிலிருந்து விழுவதற்கு முன்

தம்பி,

இதைத் தனியாக உட்கார்ந்து படி. பிறகு உன் மனைவியிடம் காட்டுவதும் காட்டாமல் இருப்பதும் உன் விருப்பம். ஆனால் முதல் தடவை நீ மட்டும் படிக்க வேண்டும். அம்மா என்னத்துக்கு இந்தக் காலத்தில் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். வாயால் சொன்னால் நான் சுருக்கிவிடுவேன். பாதியில் அழுவேன், நீ "விடும்மா" என்பாய், மீதியைச் சொல்லாமலே தப்பித்துவிடுவேன். இருபத்து மூன்று வருடமாக அப்படித்தான் தப்பித்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சென்னையில் புதிதாகப் பார்த்த டாக்டர் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் என்று சொன்னாய். உன் வலது காலிலேயே நன்றாக வேலை செய்கிற ஒரு தசையின் நாணைப் பிரித்து, பாதத்தின் மேல்பக்கம் கொண்டுவந்து கட்டிவிட்டால் முன்பாதம் தூக்கும், ஷூவுக்குள் பாதத்தைத் தாங்குகிற ஸ்பிளின்ட் போட வேண்டியிருக்காது என்று சொன்னாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். அப்புறம் சொன்னாய்: "எப்படி ஆச்சுன்னு கேட்டாரும்மா. சின்ன வயசுல அப்பாகூட பம்புசெட்டுக்குப் போனேன், அவர் கவனிக்காத நேரத்துல தொட்டிலேருந்து விழுந்துட்டேன்னு சொன்னேன். அவர் ஒத்துக்க மாட்டேங்கிறார். விழுந்ததுக்கு இப்படி ஆகாதே, வேற ஏதாவது நடந்துச்சான்னு வீட்ல கேட்டுட்டு வாங்கங்குறார். வேற என்னம்மா நடந்துச்சு?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அப்பா டம்ளரில் பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நீ அவரைக் குத்திக்காட்டவில்லை, தெரியும். ஊரில் மழை பெய்தது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாய். அப்பா கவனிக்காத நேரத்தில் விழுந்தேன். அந்த வாக்கியம் உனக்கு எப்படி இவ்வளவு சாதாரணமாக வருகிறது என்றால், நான் அதை அப்படி வளர்த்து வைத்திருக்கிறேன்.

வேறு நடந்தது, தம்பி. நீ தொட்டியிலிருந்து விழுவதற்கு முன்னாலேயே உன் கால் போய்விட்டது. அதற்குக் காரணம் நான்.

உனக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. ஐப்பசி மாதம், சம்பா நட்டு முடிந்து களை எடுக்கிற சமயம். அப்பா விடியும்போதே வயலுக்குப் போய்விட்டார். உனக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். நான் பூதலூரில் ஒரு டாக்டரிடம் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன் அல்லவா, எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அப்பா பத்து மணிக்குத்தான் வருவார். நடுவில் இரண்டு மணி நேரம் நீ தனியாகப் படுத்திருக்க வேண்டும். மாத்திரை கொடுத்தால் கேட்க நேரமாகும், ஊசி போட்டுவிட்டால் சட்டென்று இறங்கும், நீ தூங்கிவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். ஊர்க்காரர்கள் அவசரத்துக்கு என்னிடம்தான் ஊசி போட்டுக்கொள்வார்கள் என்பதால் வீட்டில் எப்போதும் மருந்து வைத்திருப்பேன்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தொடையில்தான் போட வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தொடையில் போட்டால் நீ ஊசியைப் பார்த்து உதைப்பாய், பஸ் போய்விடும் என்று பின்பக்கம் போட்டேன். பின்பக்கம் போடுவதற்கும் முறை இருக்கிறது. குப்புறப் படுக்க வைத்து, மனதுக்குள் நான்காகப் பிரித்து, மேலே வெளிப்பக்கத்துக் கால்பங்கில்தான் குத்த வேண்டும். அதைத் தாண்டிக் கீழே உள்பக்கம் வந்தால் காலுக்கு இறங்குகிற பெரிய நரம்பு இருக்கிறது. அதையும் படித்திருக்கிறேன், பரீட்சையில் படம் வரைந்திருக்கிறேன். உன்னைப் படுக்க வைக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நில்லு என்றேன். நீ ஒல்லியாக இருப்பாய், பிடித்தால் சதையே இருக்காது. குத்தும்போது நெளிந்தாய். ஊசி நான் நினைத்த இடத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

"அம்மா, காலு வரைக்கும் கரண்ட் அடிக்குதும்மா" என்று அலறினாய். அப்படி ஒருவர் சொன்னால் அந்த நொடியே ஊசியை உருவிவிட வேண்டும். அப்போது மருந்து பாதிதான் உள்ளே போயிருந்தது. "அவ்வளவுதான் ராஜா, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே மீதியையும் ஏற்றினேன். என் கண் சுவரில் கடிகாரத்தின் மேல் இருந்தது. ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிட்டு, இரண்டு பிஸ்கட்டைக் கையில் கொடுத்து, போர்த்திவிட்டு ஓடினேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

மற்றது அப்பா சொல்லி எனக்குத் தெரியும். அவர் வந்தபோது உனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கால் மரத்துப்போயிருக்கிறது என்று சொன்னாயாம். ஒரே பக்கம் படுத்திருந்ததால் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். மத்தியானத்துக்கு மேல் நானும் வருவேன் என்று அடம்பிடித்தாய் என்று சைக்கிளில் உட்கார வைத்துப் பம்புசெட்டுக்குக் கூட்டிப்போனார். மோட்டார் நின்று நின்று ஓடியது. அவர் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நீ தொட்டிச் சுவரில் ஏறியிருக்கிறாய். பாதம் தூக்கவில்லை, சுவரில் தடுக்கி வெளிப்பக்கம் விழுந்துவிட்டாய். முழங்கையில் சிராய்ப்பு, முட்டிக்குப் பக்கத்தில் ஒரு வீக்கம். எழுந்து நடக்கச் சொன்னபோதுதான் வலது பாதம் தொங்குவதை அவர் பார்த்தார். கால் போனதால் நீ விழுந்தாய். விழுந்ததால் கால் போனது என்று அவர் நினைத்தார். பார்த்தவர் வேறு எப்படி நினைப்பார்?

நான் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். "தொட்டிலேருந்து விழுந்துட்டான். அதுலேருந்து காலு இழுக்குது. நான் மோட்டாரைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்" என்றார். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு உன் பாதத்தைத் தூக்கச் சொன்னேன். முட்டியைத் தூக்கினாய், பாதம் துணி மாதிரி தொங்கியது. உள்ளங்காலைக் கிள்ளினேன், உனக்குத் தெரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. சொல்வதற்கு வேறு ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி. இதை எழுதும்போது கை கூசுகிறது. தப்பான இடத்தில் குத்தியதைக்கூட எங்காவது ஒரு மூலையில் மன்னிக்கலாம். பெற்ற பிள்ளை கால் தொங்கிக்கொண்டு நிற்கும்போது ஒரு தாய்க்கு வந்த அந்த நிம்மதியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை ரயிலில் தஞ்சாவூருக்குப் போனோம். நரம்பு டாக்டர் வயதானவர், பொறுமையானவர். எப்படி விழுந்தாய், எந்தப் பக்கம் அடிபட்டது என்று அப்பாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊசி முனையால் உன் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "முட்டிகிட்ட அடிபட்டா பாதம் தொங்கும், சரி. ஆனா உள்ளங்கால் இப்படி மரக்காதே. சமீபத்துல இடுப்புல ஊசி கீசி ஏதாவது போட்டீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "அம்மா போட்டாங்க."

"அது போன மாசம் சார், இடது பக்கம்" என்றேன் நான்.

உனக்கு இது நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். ஏழு வயதுப் பிள்ளை. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நாம்தான் மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்கிற மாதிரி ஒரு பார்வை. அதன்பிறகு நீ ஒருநாளும் அந்த ஊசியைப் பற்றிப் பேசவில்லை. உன் நினைவையே நான் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

அந்த டாக்டர் அப்பாவுக்குப் புரியும்படி விளக்கினார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். "நரம்புல அடிபட்டா மூணு விதமா பிரிச்சுப் பாப்போம். உங்க வயல்ல தண்ணி வரலன்னு வெச்சுக்குங்க. மதகை மூடியிருப்பான், வாய்க்கால் நல்லா இருக்கும். தொறந்தா வந்துடும். அது மொத வகை, நரம்பு முழுசா இருக்கு, அதிர்ச்சியில வேலை செய்யல. சில வாரத்துல தானா சரியாயிடும். ரெண்டாவது, உள்ள இருக்குற நூல் அறுந்துடுச்சு, மேல் உறை நல்லா இருக்கு. வாய்க்கால் இருக்கு, தண்ணி இன்னும் வந்து சேரணும். நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் மாதிரி மெதுவா வளந்து வரும், காத்திருக்கணும். மூணாவது, வாய்க்காலே தூந்து போச்சு. அது எவ்வளவு நாள் காத்திருந்தாலும் வராது. தொறந்து பாத்து, கெட்டதை வெட்டி எடுத்துட்டு, வேற எடத்து நரம்பை வெச்சுத் தெக்கணும். அதுவும் நாள் போகப் போகப் பலன் கம்மி. தண்ணி வராம ரொம்ப நாள் கெடந்தா பயிர் இருக்காதுல்ல, அந்த மாதிரி தசை சுருங்கிடும்."

"இவனுக்கு எது சார்?" என்று அப்பா கேட்டார்.

"மொத நாள்ல சொல்ல முடியாதுங்க. மூணும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். எப்படி அடிபட்டுச்சுங்கறதை வெச்சுத்தான் ஊகிக்கணும். விழுந்து அடிபட்டதுன்னா பெரும்பாலும் மொத ரெண்டுதான், காத்திருக்கலாம். மருந்து நரம்புக்குள்ள எறங்கியிருந்தா கதை வேற. உள்ளயே தழும்பாயிடும். அதை அவ்வளவு நாள் விடமாட்டோம்."

இதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் ஒரு நர்ஸா என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. நர்சிங் படித்தபோது இந்த மூன்று வகைக்கும் வாயில் நுழையாத பெயர்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். நியூராப்ராக்ஸியா, ஆக்ஸனாட்மிஸிஸ், நியூராட்மிஸிஸ். அவர் பேசப் பேச அந்தப் பெயர்கள் எனக்குள் ஓடின. அவர் தவறான வகைக்குப் போவதற்கு வழிகாட்டியது நான்தான் என்பது தெரிந்தே, "அப்ப காத்திருக்கலாம்ல சார்" என்று கேட்டேன்.

காத்திருந்தோம். மூன்று மாதம் கழித்துக் கரண்ட் வைத்து டெஸ்ட் எடுத்தார்கள். நரம்பு பேசவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றார்கள். தினமும் நான் உன் காலுக்கு எண்ணெய் தேய்த்தேன், பயிற்சி கொடுத்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம், நர்ஸாக இருக்கிற அம்மா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். விழுந்த அந்த வாரத்திலேயே அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியை உடைத்துப் போட்டார். ஆளை வைத்துச் செய்யவில்லை, ஒண்டியாக ஒரு நாள் முழுக்க உடைத்தார். உள்ளங்கை கொப்பளித்து வந்தவருக்கு நான்தான் மருந்து போட்டேன். அப்போதும் சொல்லவில்லை. உன் அத்தை வந்து, "ஒத்தப் புள்ளயப் பாத்துக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு அப்பன்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "விடுங்க அண்ணி, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். அவரை நான் மன்னித்துவிட்டதாக ஊரே நினைத்தது. எனக்கு நல்ல பெயர்.

ஒரு வருடம் ஆகப்போகிற சமயத்தில் வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டர் முட்டியைத் திறக்கவில்லை, பின்பக்கத்தைத் திறந்தார். ஆபரேஷன் முடிந்து அப்பா டீ வாங்கப் போயிருந்தபோது என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "வெளியிலேருந்து பாத்தா நரம்பு முழுசா இருக்கும்மா. உள்ள நூல் நூலா இருக்க வேண்டியது ஒரே தழும்பு. மூணுன்னு சொல்லுவாங்களே, நாங்க அதையே இன்னும் நுணுக்கமா அஞ்சாப் பிரிப்போம். அஞ்சாவது முழுசா அறுந்து போறது. இது நாலாவது. அறுபடல, ஆனா எதுவும் தாண்டி வராது. கெண்டைக்கால்லேருந்து நரம்பு எடுத்து வெச்சுத் தெச்சிருக்கேன். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்." பிறகு ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "நீங்க நர்ஸுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னார். இது ஊசி போட்ட எடம் மாதிரி இருக்கு."

"தொட்டிலேருந்து விழுந்தான் சார்" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேஸ் தாளில் காரணம் தெரியவில்லை என்றுதான் எழுதியிருந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நான் அதைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இரண்டு வருடத்தில் உள்ளங்காலில் உணர்ச்சி கொஞ்சம் வந்தது. பாதம் தூக்குகிற சக்தி வரவே இல்லை. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தாலும் முழுசாக வந்திருக்கும் என்று எந்த டாக்டரும் உறுதி சொல்ல மாட்டார். அந்த நரம்பு அவ்வளவு மேலே அடிபட்டால் திரும்புவது கஷ்டம்தான். இத்தனை வருடம் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று. ஆனால் அது எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரிய முடியாதபடி செய்தவள் நான். எட்டு, ஒன்பது மாதம் உனக்குச் சேர வேண்டியதை நான் எடுத்துக்கொண்டேன், என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள.

அந்தப் பெயர் எப்படிப்பட்டது என்றும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் பதினெட்டு வருடம் அதே வேலையில் இருந்தேன். ஒருவருக்கும் தப்பாகப் போடவில்லை. ஒவ்வொருவரையும் படுக்க வைத்து, இடத்தை விரலால் அளந்து, ரத்தம் வருகிறதா என்று ஒரு தடவை உறிஞ்சிப் பார்த்து, மெதுவாகத்தான் ஏற்றுவேன். "அக்கா போட்டா வலிக்கவே வலிக்காது" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காத்திருப்பார்கள். உன் காலில் கற்றுக்கொண்ட நிதானம் அது. அவர்கள் பாராட்டும்போது சிரித்திருக்கிறேன்.

உன் பதினாறு வயதில் நடந்ததை நீ மறந்திருக்கலாம். பைக் வேண்டும் என்றாய். இந்தக் காலை வைத்துக்கொண்டு பிரேக் எப்படி அழுத்துவான் என்று அப்பா வேண்டாம் என்றார். "என் காலு இப்படி ஆனதுக்கு யாரு காரணம்? நீங்கதானே?" என்று கேட்டாய். நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.  அப்பா உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். டம்ளர் பல்லில் இடிக்கிற சத்தம் கேட்டது. அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். தோசையைத் திருப்பிப் போட்டேன். அதற்குப் பிறகு நீ அவரிடம் கேட்டு எதுவும் இல்லை என்று ஆனதே கிடையாது. அவர் உன்னைக் கண்டித்ததும் கிடையாது. நீ தப்பு செய்தபோதுகூட வாயைத் திறக்க மாட்டார். ஒரு அப்பாவுக்கு இருக்க வேண்டிய உரிமையை அவர் தானாகவே விட்டுக்கொடுத்தார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் அவரிடமிருந்து பறித்துக்கொண்டேன்.

போன தை மாதம் உன் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது உன் மனைவி, "அத்தை, நீங்களே ஊசி போட்டுடுங்களேன், வெளியில எதுக்கு" என்றாள். எனக்குக் கை நடுங்குகிறது, டாக்டரிடம் போங்கள் என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. பேத்திக்கு ஒரு உதவி செய்ய மாட்டாளா இவள் என்று நினைத்திருப்பாள். என் கை நடுங்கவில்லை என்று அவளிடம் சொல்லிவிடு. குழந்தை விஷயத்தில் உனக்கு நான் சொல்ல யோக்கியதை உள்ள புத்திமதி ஒன்றே ஒன்றுதான். அது ஏதாவது வலிக்கிறது என்று சொன்னால், அந்த நேரத்தில் உனக்கு எந்த பஸ் போவதாக இருந்தாலும் நின்று கேள். பெரியவர்கள் நடுவில் அது ஒன்றைச் சொன்னால், நமக்கு அவமானமாக இருந்தாலும், இல்லை என்று சொல்லிவிடாதே.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காப்பியை வைத்துவிட்டுப் போனவரைத் தேடிக்கொண்டு வயலுக்குப் போனேன். வாய்க்காலில் படர்ந்திருந்த ஆகாயத்தாமரையை இழுத்து இழுத்து வரப்பில் போட்டுக்கொண்டிருந்தார். அறுபத்து நான்கு வயது ஆகிறது, மூச்சு வாங்கியது.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லு."

"அன்னைக்குக் காலைல, நீங்க வயலுக்குப் போனப்புறம், தம்பிக்கு நான் ஊசி போட்டேன். தப்பான எடத்துல ஏறிடுச்சு. காலு அப்பவே போயிடுச்சு. நீங்க அவனைக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு முன்னாடியே."

அவர் நிமிரவில்லை. இழுத்துக்கொண்டிருந்த கொடியை மட்டும் விட்டுவிட்டார். குனிந்தபடியே கேட்டார்: "அப்ப நான் இல்லையா?"

"இல்லைங்க."

"நான் இல்லையா?" என்று திரும்பவும் கேட்டார். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த சேற்றைக்கூடக் கழுவவில்லை. "மோட்டாரைத் திரும்பிப் பாத்தது ஒரு நிமிஷம்தான் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை நான் எத்தனை தடவ..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். பிறகு எழுந்து எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். வழியில் எதிரே வந்தவர்கள் என்ன அண்ணே என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஆறு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவார். நேற்றுக் காலையில்தான் வாயைத் திறந்தார். "டாக்டர் கேட்டதுக்குப் பதில் சொல்லணும்ல. அவனுக்கு எழுதிப் போடு. போன்ல சொல்லாத. போன்ல சொன்னா நீ அழுவ, அவன் ஒனக்கு ஆறுதல் சொல்லிடுவான்" என்றார். நாற்பது வருடம் கூட இருந்தவர், என்னை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார். என்னை மன்னித்தீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சரி என்று சொல்லிவிடுவார், அதனால் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கப்போவதில்லை.

இதோடு ஒரு தனித் தாள் வைத்திருக்கிறேன். அது டாக்டருக்கு. என்ன மருந்து, எவ்வளவு, எந்தப் பக்கம், எந்த நேரம், கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னது, அதற்குப் பிறகும் நான் ஏற்றியது, விழுந்தது எத்தனை மணி நேரம் கழித்து என்பது எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பழைய ஆபரேஷன் கேஸ் தாளையும் எடுத்து வைத்திருக்கிறேன். எந்த நரம்பு செத்தது, எந்தத் தசைக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று பார்த்துத்தான் அவர் நாணை மாற்ற வேண்டும். தப்பான இடத்தை நினைத்துக்கொண்டு அவர் திறந்துவிடக் கூடாது. இந்த ஒன்றையாவது நேரத்தோடு செய்துவிட்டேன் என்று இருக்கட்டும். ஆபரேஷனுக்கு அப்பா வருவார். நான் வர வேண்டுமா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ள எனக்கு முகம் இல்லை. இங்கேயே இருக்கிறேன்.

படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே, தம்பி. அப்பாவுக்குச் செய். பதினோரு மணிக்கு மேல் வயலிலிருந்து வந்துவிடுவார். இப்போது போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார், சாப்பிடும்போதும் எடுத்து எடுத்துப் பார்க்கிறார். அவருக்குப் பேச வராது, சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்பார். உனக்கும் என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் இரு. அவர் போனை வைக்க மாட்டார்.

அம்மா